கண்டெய்னர்: கொள்கலனா, பெட்டகமா, கலமா?

போன மாதம் ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள மண்டபம் ஊரில் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அலுவலகத்துக்குப் போன் பேசிக்கொண்டிருந்தேன். “ரெண்டு கண்டெய்னரும் நின்னுபோச்சு, மறுபடி ஓட்டிப் பாருங்க” என்று நான் சொன்னது மாமா காதில் விழுந்துவிட்டது. அவர் ஐஸ் வியாபாரம் செய்கிறவர். நான் போனை வைப்பதற்குள், “எங்கடா நிக்குது, உச்சிப்புளிப் பக்கமா? எறாலா, நண்டா? ஐஸ் அனுப்பவா?” என்று செருப்பை மாட்டிவிட்டார். அவருக்குக் கண்டெய்னர் என்றால் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற குளிர்பெட்டி லாரி. எனக்கு அது சர்வருக்குள் ஓடும் மென்பொருள்.

அவர் கேட்டதில் தப்பில்லை, இரண்டும் ஒரே சொல்தான். லத்தீனில் ‘தெனேரே’ என்றால் பிடித்தல். அதோடு ‘சேர்த்து’ என்ற பொருள் தரும் முன்னொட்டு சேர்ந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சேர்த்துப் பிடித்து வைப்பது கண்டெய்னர். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, ‘ஐடியல் எக்ஸ்’ என்ற பழைய எண்ணெய்க் கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதன் பிறகு இந்தச் சொல்லுக்குக் கப்பல் பெட்டி என்ற பொருளே முந்திக்கொண்டது. பெட்டிக்குள் இறாலா, இயந்திரமா என்று கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை. அளவும் மூலையில் கொக்கி மாட்டும் இடமும் ஒன்றாக இருந்தால் போதும்.

மென்பொருள்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்தக் கருத்தைத்தான். 2013-இல் வெளிவந்த டாக்கர் என்ற கருவியின் பெயருக்கே துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி என்று பொருள். அதன் சின்னம், முதுகில் பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கிலம். ஒரு மென்பொருளையும் அது ஓடத் தேவையான துணைக்கோப்புகளையும் ஒரே கட்டாகக் கட்டி, எந்தச் சர்வரில் இறக்கினாலும் அப்படியே ஓட வைப்பது அதன் வேலை.

அன்று நின்றுபோன இரண்டில் ஒன்று எலாஸ்டிக்சர்ச், குவிந்து கிடக்கும் பதிவுகளுக்குள் தேடித் தரும் கருவி. மற்றொன்று கிபானா, தேடிக் கிடைத்ததை வரைபடமாகக் காட்டும் டாஷ்போர்டு. (டாஷ்போர்டு என்பது முதலில் குதிரைவண்டியின் முன்னால், குளம்பு வாரியடிக்கும் சேறு மேலே படாமல் தடுத்த பலகை. தமிழில் ‘தகவல் பலகை’ போதும்.) எலாஸ்டிக்சர்ச் 9200-ஆம் வாயிலிலும் கிபானா 5601-ஆம் வாயிலிலும் காத்திருக்கும். கணினிக்குள் தகவல் வந்துபோகும் இந்த எண்ணிட்ட வழிக்கு ஆங்கிலத்தில் போர்ட் என்று பெயர், அதைத் ‘துறை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. உள்ளே வர, வெளியே போகத் திறந்திருப்பது வாயில்தானே? துறையைப் படகுக்கே விட்டுவிடலாம்.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கிபானாவிடம் “எலாஸ்டிக்சர்ச் லோக்கல்ஹோஸ்டில் இருக்கிறது” என்று சொல்லி வைப்பார்கள். லோக்கல்ஹோஸ்ட் என்றால் ‘இதே கணினி’, கண்டெய்னருக்குள் அது அந்தக் கண்டெய்னர் மட்டும்தான். கிபானா தன் வீட்டுக்குள்ளேயே தேடிப் பார்த்துவிட்டு ஆளில்லை என்று சொல்லும். இரண்டையும் ஒரே டாக்கர் வலைக்குள் சேர்த்து, ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிட வைக்க வேண்டும்.

எங்களுடையது நின்றதற்குக் காரணம் வேறு. அன்று சர்வரை மாற்றியிருந்தோம். நினைவக வரைபடங்களின் உச்ச எண்ணிக்கை என்று, சர்வரை இயக்கும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓர் அமைப்பு உண்டு. எலாஸ்டிக்சர்ச்சுக்கு அது 262144-ஆவது இருக்க வேண்டும். புதிய சர்வரில் பழைய வழக்கப்படி 65530 என்றே இருந்தது. எலாஸ்டிக்சர்ச் எழும்பவில்லை என்றதும் அதை நம்பியிருந்த கிபானாவும் கைவிரித்துவிட்டது. இந்த அமைப்பைக் கண்டெய்னருக்குள் இருந்துகொண்டு மாற்ற முடியாது. கப்பலில் ஆயிரம் பெட்டி இருந்தாலும் எஞ்சின் ஒன்றுதான். அதுபோல எல்லாக் கண்டெய்னர்களும் சர்வரின் ஒரே கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, பகிர்ந்துகொள்கின்றன. ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் முழுக் கணினியான மெய்நிகர் கணினி (விர்ச்சுவல் மெஷின்) அப்படியில்லை, அது தன் எஞ்சினைத் தானே கொண்டுவரும். கனமும் அதனால்தான்.

கண்டெய்னரை உருவாக்க எடுக்கும் மூலக் கட்டுக்கு டாக்கரில் இமேஜ் என்று பெயர். இமேஜ், கண்டெய்னர் இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்று மாமா மகன் கேட்டான். சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி ஊற்றுவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா என்றேன். இமேஜ் சிரட்டை, கண்டெய்னர் அதில் ஊற்றி எடுத்த கருப்பட்டி. ஒரே சிரட்டையில் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். இமேஜைப் ‘படிமம்’ என்கிறார்கள். எனக்குக் கவிதை ஞாபகம் வருகிறது, அதனால் ‘அச்சு’ என்று வைத்துக்கொள்கிறேன்.

சரி, கண்டெய்னருக்குத் தமிழ் என்ன? கப்பல் பெட்டிக்குச் ‘சரக்குப் பெட்டகம்’ நன்றாகவே பொருந்துகிறது. கணினிக்குக் ‘கொள்கலன்’ என்று எழுதுகிறார்கள். கொள் என்றால் தன்னுள் வைத்துக்கொள். லத்தீன்காரன் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். கலன் என்பது கலம். நிலம் நிலன் ஆவதுபோல மகரம் னகரமாகும், இலக்கணத்தில் கடைப்போலி. அணிகலனில் இருப்பதும் இதே கலன். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று நெல் அளந்ததும் இதே சொல்லால்தான்.

ஆனால் கலத்துக்கு இன்னொரு பொருள் உண்டு: கப்பல். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய கப்பலை அகநானூறு (149) ‘நன்கலம்’ என்கிறது. இன்று எங்கள் கரையில் யாரும் கலம் என்று சொல்வதில்லை. வள்ளம், நாட்டுப்படகு, விசைப்படகு, போட்டு என்றுதான் பேச்சு. இருந்தாலும் பாம்பனிலும் கீழக்கரையிலும் நிற்கிற கலங்கரை விளக்கத்துக்குள் அந்தச் சொல் பத்திரமாக இருக்கிறது. மரைக்காயர் என்ற பெயரையும் மரக்கலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள்.

கொள்கலன் எனக்கு இடிக்கும் இடம் வினைச்சொல். கண்டெய்னரை நாள் முழுக்க ‘ஓட்டு, ஓடுகிறது, நின்றுவிட்டது’ என்றுதான் பேசுகிறோம். ‘கொள்கலன் ஓடுகிறது’ என்றால் அண்டாவுக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கிறது. ‘கலம் ஓடுகிறது’ என்றால் உறுத்தவில்லை, ஏனென்றால் கலம் ஓடக்கூடியதுதான். பானையும் அதுவே, கப்பலும் அதுவே. அதனால் என் வாக்கு ‘கலம்’ என்பதற்கு.

பானைப் பொருளும் ஒருமுறை எனக்கு உறைத்தது. முதல்முதலில் எலாஸ்டிக்சர்ச்சை ஓட்டியபோது தரவைக் கலத்துக்கு உள்ளேயே விட்டு வைத்திருந்தேன். புதிய பதிப்புக்கு மாற்ற, பழைய கலத்தை அழித்தேன். ஒரு மாதப் பதிவுகள் அதோடு போயின. தரவை வெளியே, ‘வால்யூம்’ என்ற தனிச் சேமிப்பில் வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்தால் கலம் போனாலும் தரவு தங்கும். வஞ்சித்துச் சேர்த்த பொருளைச் சொல்ல வந்த வள்ளுவர் (குறள் 660) சுடாத மண்பானையில் நீர் ஊற்றி வைப்பதை உவமை காட்டுகிறார். ‘பசுமட்கலம்’ என்பது அவர் சொல். நான் யாரையும் வஞ்சிக்கவில்லை, நீர் போனது மட்டும் அதே மாதிரிதான். வால்யூம் இல்லாமல் யாராவது தரவுக் கலம் ஓட்டினால், எங்கள் குழுவில் இப்போது அதற்குப் பெயரே பசுமட்கலம்.