"பீன்ஸ்" என்று மட்டும் சொல்லாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் மருந்துக்கடை நடத்துகிறேன். மருந்துச் சீட்டுக்கு அடுத்தபடியாக என் மேசைக்கு அதிகம் வருபவை காய்கள்தாம். கடற்கரையில் பொறுக்கியவை, தெருவோர மரத்திலிருந்து விழுந்தவை, பேரப்பிள்ளை பள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வந்தவை. "இது என்ன காய் தம்பி, மருந்துக்கு ஆகுமா?" என்பார்கள். எத்தனை கூட்டமாக இருந்தாலும் வாங்கிப் பார்க்கிறேன். அதற்குக் காரணம் ஒரு சிறுவன்.

சில ஆண்டுகளுக்கு முன் அவன் இரவெல்லாம் வாந்தி எடுத்தான். அவனுடைய ஆயா (பாட்டி) மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். என்ன தின்றான் என்று கேட்டதற்கு "பீன்ஸ்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவரைக்காய் போன்ற ஒரு பெரிய காயைப் பிளந்து, உள்ளிருந்த விதையைச் சுட்டுத் தின்றிருந்தான். ஆனால் டர்பனில் பீன்ஸ் என்றால் யாருக்கும் சுகர் பீன்ஸ் கறிதான் நினைவுக்கு வரும். கெட்டுப்போன சாப்பாடு என்றே எண்ணிவிட்டார்கள். மறுநாள் மதியம் ஆயா அந்தக் காயின் மேலோட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். வீணாய்ப்போன அந்த அரை நாளை நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது.

அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மோர்ட்டன் பே செஸ்ட்நட் மரத்தின் காய். இங்கே அழகுக்கும் நிழலுக்கும் நட்டிருக்கிறார்கள். காய் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம், நன்றாகப் பருத்திருக்கும். முற்றினால் இரண்டாகப் பிளந்து, ஓடுகள் சின்னப் படகுகள்போல் தரையில் கிடக்கும். உள்ளே வெள்ளையான, பஞ்சுபோன்ற மெத்தையில் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து பழுப்பு விதைகள். கடையில் விற்கும் செஸ்ட்நட்டைப் பார்த்தவர்கள் ஏமாறாமல் இருப்பது கடினம். சுட்டால் நஞ்சு போய்விடும் என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் இதைச் சீவி, நாள்கணக்கில் நீரில் ஊறவைத்து, அதன் பிறகே உண்டார்கள். அப்படிச் செய்யாமல் தின்றால் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் வரும். மேய்ந்த மாடுகள் செத்திருக்கின்றன.

1860இல் ட்ரூரோ கப்பலில் மதராசிலிருந்து வந்து இறங்கியவர்களின் வாரிசுகள் நாம். முருங்கை, அவரை, கொத்தவரை, புளி என்று நீளமாகத் தொங்குவதையெல்லாம் அடுப்பில் ஏற்றிப் பழகிய கை. அந்தப் பழக்கம்தான் எனக்குப் பயம் தருகிறது.

அதிகம் கேட்கப்படுவது கடல் அவரை. எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் கரையோரக் காடுகளில் பெருங்கொடியாகப் படர்வது. காய் இரண்டு மீட்டர் வரைகூட நீளும். முதன்முதலில் பார்ப்பவர்கள் மலைத்துப்போவார்கள். ஒவ்வொரு விதைக்கும் தனிக் கட்டம். காய்ந்ததும் கட்டங்கள் ஒவ்வொன்றாக உதிர, இரண்டு ஓரங்களும் வெறும் சட்டமாகக் கொடியிலேயே தொங்கும். இப்படி உதிரும் காயை வேறெதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. விதைக்குள் காற்று அடைபட்டிருப்பதால் ஆற்றில் விழுந்து கடலில் மிதந்து கரை ஒதுங்கும். உள்ளங்கை நிறைய, வழவழவென்று, தேய்த்த மரம்போல் இருக்கும். முன்பு இதைக் குடைந்து மூக்குப்பொடி டப்பா செய்தார்கள். வைத்து அழகு பாருங்கள், தின்னாதீர்கள். பூந்திக்கொட்டையை நுரைக்க வைக்கும் சப்போனின் என்னும் நச்சுப்பொருள் இதிலும் உண்டு.

குச்சிபோல் உருண்ட கறுப்புக் காய் என்றால் சரக்கொன்றை. உடைத்தால் காசு அடுக்கியதுபோல் தடுப்புகளும் ஒட்டும் கறுப்புச் சதையும் இருக்கும். இனிப்பாக இருக்கிறதே என்று பிள்ளைகள் நக்கிவிட்டு நாள் முழுவதும் கழிப்பறையில் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் வாள்சண்டை போடும் தட்டையான நீளக் காய் செம்மயில்கொன்றை, மடகாஸ்கரிலிருந்து வந்தது. நீண்ட காம்பில் 10 கிலோ வரை கனத்துத் தொங்குவதை ஜூலு மக்கள் உம்வொங்கோத்தி என்கிறார்கள்; தமிழ்நாட்டில் அது சிவகுண்டலம். அவரைக் குடும்பக் காய்களில் இருக்கும் பிளவுக் கோடு அதில் கிடையாது; அது அந்தக் குடும்பமே இல்லை. பச்சையாகத் தின்றால் நஞ்சு. அதன் அடியில் காரையும் நிறுத்தாதீர்கள், பிள்ளையையும் விளையாட விடாதீர்கள்.

காயை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்வது எனக்கே பல நேரம் முடிவதில்லை. ஒரு இலைக்கொத்தும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். மரத்தை முழுதாக ஒரு படம், காயின் பக்கத்தில் உங்கள் கையை வைத்து ஒரு படம். டர்பன் தாவரவியல் பூங்காவை ஒட்டி 1882இல் தொடங்கிய ஹெர்பேரியம், அதாவது உலர்த்திய செடிகொடிகளைச் சேர்த்து வைக்கும் காப்பகம், இருக்கிறது; எனக்கும் பிடிபடாததை அங்கே அனுப்புகிறேன்.

யாராவது தின்றுவிட்டால், வாயில் மிச்சமிருப்பதை எடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இந்த வீட்டு வைத்தியம் நம்மிடையே இன்னும் போகவில்லை. நஞ்சுத் தகவல் உதவி எண் 0861 555 777, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் போனுக்காகக்கூட நிற்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். தின்று மீந்த விதையையும் ஓட்டையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ஆயா கொண்டுவந்த படகு ஓடு என் மேசைமேல் இருக்கிறது. கடைக்கு வரும் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.