காசில் 1953 என்று இருப்பதால் வில்லின் வயது 1953 ஆகிவிடாது

மிச்சிகனில் பழைய வில்களைப் பழுதுபார்ப்பதும் மதிப்பிடுவதும் என் வேலை. தாத்தா வீட்டிலோ, வீட்டு வாசலில் பழைய பொருள் விற்கும் யார்டு சேலிலோ கிடைத்த ரீகர்வ் வில்லோடு (முனைகள் எதிர்ப்பக்கமாக வளைந்த வில்) வருகிறவர்களில் பலர், "இது 1953-இல் செய்தது, காசிலேயே போட்டிருக்கிறதே" என்கிறார்கள். அதை நம்பி அதிக விலை கொடுத்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

பேர் ஆர்ச்சரி (Bear Archery) என்ற அமெரிக்க கம்பெனியின் வில்களில் கைப்பிடி மரத்தில் ஒரு வட்ட உலோக முத்திரை பதித்திருக்கும். அதைத்தான் காசு என்கிறோம். அதில் பொடி எழுத்தில் கனடா காப்புரிமை, 1953 என்று ஆங்கிலத்தில் இருக்கும். அது காப்புரிமைக்கான ஆண்டு, அவ்வளவுதான். காசு பதிக்கும் வழக்கமே 1959-இல்தான் வந்தது. ஆக, காசு இருந்தாலே அந்த வில் 1953-ஐச் சேர்ந்ததாக இருக்க முடியாது.

வயதைச் சொல்வது காசின் உலோகம். தொடக்க ஆண்டுகளில் செம்பும் அலுமினியமும் வந்தன. 1963 முதல் 1970 வரை பித்தளை. அடுத்த இரண்டு ஆண்டுகள் வெள்ளி நிறத்தில் நிக்கல் சில்வர். இவையெல்லாம் மரத்தோடு மட்டமாக இருக்கும்; விரல் நகத்தை மேலே ஓட்டினால் தடுக்காது. 1973 முதல் வந்தவை மேடாக இருக்கும், நகம் விளிம்பில் முட்டி நிற்கும். கறுத்துப்போன பித்தளை செம்பு மாதிரி ஏமாற்றும் என்பதால் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். சேகரிப்பவர்கள் விரும்புவதே அந்தப் பழைய நிறத்தைத்தான்.

அப்புறம் ஊர்ப்பெயர். பேர் ஆர்ச்சரியை நிறுவிய ஃபிரெட் பேரின் தொழிற்சாலை மிச்சிகனின் கிரேலிங்கில் இருந்து 1978-இல் ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லுக்குப் போனது. கெய்ன்ஸ்வில் என்று அச்சிட்டிருந்தால் அதற்கு முந்தைய வில் இல்லை. மற்ற கம்பெனிகளுக்கும் இந்த வழி உதவும். பைன் பிளஃப், ஆர்கன்சாஸ் என்றால் பென் பியர்சன். யாக்கிமா, வாஷிங்டன் என்றால் டேமன் ஹோவாட். 1976-இல் அந்தக் கம்பெனியை மார்ட்டின் என்ற வில் கம்பெனி வாங்கிவிட்டதால், இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் அதற்குப் பிந்தையது. சியர்ஸ் போன்ற பெருங்கடைகளின் பெயர் இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். வேறு கம்பெனிகள் செய்து கொடுத்ததை அவர்கள் தங்கள் பெயரில் விற்றார்கள்.

கைப்பிடியை ஒட்டி லிம்பின் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைந்துகொடுக்கும் பகுதி) மேல் கையால் எழுதிய எண்களையும் படம் எடுத்து வையுங்கள். 60" என்பது வில்லின் நீளம். 45# என்றால் 28 அங்குலம் இழுக்கும்போது 45 பவுண்டு. வரிசை எண்ணை மட்டும் வைத்து வயது சொல்பவரை நான் நம்புவதில்லை.

சரி, வயது தெரிந்துவிட்டது. உடனே நாண் ஏற்றி இழுத்துப் பார்க்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். நாண் இல்லாத ரீகர்வ் வில்லின் லிம்புகள் எய்பவருக்கு எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கும். இது தெரியாமல் வளைந்த பக்கத்திலேயே நாண் கட்டி வில்லைப் பாழாக்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முதலில் ஒரு பஞ்சு உருண்டையை இரண்டு லிம்பிலும் மெதுவாக ஓட்டுங்கள். நார் சிக்கும் இடத்தில் ஃபைபர் கிளாஸ் வெடித்திருக்கலாம். நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. குறுக்கே ஓடும் விரிசலோ, மரமும் கண்ணாடி இழையும் பிரிந்த இடைவெளியோ தெரிந்தால் இழுக்கவே கூடாது. இழுத்த நிலையில் லிம்ப் உடைந்தால் துண்டுகள் முகத்துக்குத்தான் வரும்.

குறை ஒன்றும் இல்லையென்றால், காலுக்கு இடையில் வைத்து வளைக்காமல், நாண் ஏற்றும் கயிற்றைப் பயன்படுத்துங்கள்; லிம்ப் முறுக்கிக்கொள்ளாது. நாண் டாக்ரான் என்னும், சற்று நீளும் பாலியெஸ்டர் இழையாக இருக்கட்டும். இன்றைய நீளாத நாண்களின் அதிர்ச்சியை அந்தக் கால லிம்ப் முனைகள் தாங்காது.