மென்ஸ் ரியா: 'உள்நோக்கம்' அல்ல, குற்ற மனநிலை

"உள்நோக்கம் நிரூபிக்கப்படாததால் விடுதலை" என்று தீர்ப்புச் செய்திகளில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். தீர்ப்பில் இருப்பதோ பல நேரம் 'மென்ஸ் ரியா', அதாவது ஒரு செயல் குற்றமாகச் சட்டம் கேட்கும் மனநிலை. இரண்டும் ஒன்றல்ல.

லத்தீனில் 'மென்ஸ்' என்றால் மனம். 'ரியா' என்றால் குற்றமுடைய. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திலும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்தத் தொடரே கிடையாது. எந்தக் குற்றத்துக்கு எந்த மனநிலை வேண்டும் என்பதை அந்தந்தப் பிரிவே சொல்லிவிடுகிறது.

தமிழில் உள்நோக்கம் என்றால் 'ஏன் செய்தான்' என்பதற்கான விடை: சொத்துத் தகராறு, பழி, பொறாமை. ஆங்கிலத்தில் அது மோட்டிவ். தாயின் உயிரைக் காக்க மருந்தைத் திருடியவனின் உள்நோக்கம் பாசம்தான். ஆனாலும் பிறர் பொருளை நேர்மையற்று எடுத்ததால் அது திருட்டு. கூட்டத்தை நோக்கிக் காரணமில்லாமல் பீரங்கியால் சுட்டு ஒருவரைக் கொன்றவன், குறிப்பிட்ட எவரையும் கொல்லத் திட்டமிடாவிட்டாலும் கொலைகாரனே. இது சட்டமே தரும் எடுத்துக்காட்டு. நேரில் கண்ட சாட்சி நம்பத்தக்கதாக இருந்தால், உள்நோக்கத்தை நிரூபிக்க முடியாமல் போனாலும் வழக்கு நிற்கும். செய்தியைப் படிக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கு இதை யார் சொல்வது?

மென்ஸ் ரியாவுக்குக் 'குற்ற எண்ணம்' என்பதும் போதாது. பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கான 105ஆம் பிரிவைப் பாருங்கள். கொல்லும் கருத்து (இன்டென்ஷன்) இருந்தால் ஆயுள் தண்டனை, அல்லது 5 முதல் 10 ஆண்டு. கருத்து இல்லாமல், சாவு நேரக்கூடும் என்று தெரிந்து மட்டும் செய்திருந்தால் 10 ஆண்டு வரை. இந்த இரண்டாமவனிடம் கொல்லும் எண்ணம் எங்கே இருக்கிறது? கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கான 106ஆம் பிரிவில் அந்தக் கவனக்குறைவே போதும். 'குற்ற உணர்வு' என்று எழுதுவது இன்னும் மோசம். அது செய்தபின் உறுத்துவது.

சட்டக் கல்லூரிகளில் புழங்கும் 'குற்ற மனம்' நேரான பெயர்ப்புதான். ஆனால் ஆளின் இயல்பே கெட்டது என்ற பொருளும் அதில் ஒலிக்கிறது. சட்டம் எடைபோடுவது அந்தச் செயலின்போது இருந்த நிலையை. எனவே 'குற்ற மனநிலை' என்பதே பொருந்தும்.

மொழிபெயர்ப்பவர்கள் பிரிவைத் திறந்து பார்க்கும் பழக்கத்தையே விட்டுவிட்டார்கள். அகராதியில் முதலில் அகப்படுவதை எழுதிவிடுகிறார்கள். பிரிவு 'இன்டென்ஷன்' என்றால் கருத்து, 'நாலெட்ஜ்' என்றால் தெரிந்திருத்தல், 'நெக்லிஜென்ஸ்' என்றால் கவனக்குறைவு என்று தனித்தனியே எழுத வேண்டும். உள்நோக்கத்தை மோட்டிவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.