ஜன்னல் ஸ்கிரீன் சங்கிலி மாலை இல்லை, பாட்டி

ஜன்னலுக்குப் பிளைண்ட்ஸ் மாட்டுவதுதான் பதினோரு வருடமாக என் பிழைப்பு. ரோலர், ஜீப்ரா, ரோமன் என்று நாங்கள் வகை பிரிப்போம், வீட்டுக்காரர்களுக்கு எல்லாமே ‘ஸ்கிரீன்’தான். எப்படியும் கூப்பிடுங்கள். ஏற்றி இறக்க அதன் ஓரத்தில் தொங்குகிறதே, அந்தக் கயிற்றை, மணிச் சங்கிலியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

போன வாரம் ஒரு அபார்ட்மெண்டில் துணி மாற்றப் போயிருந்தேன். படுக்கையறையில் அளவெடுத்துக்கொண்டிருக்கிறேன், ஹாலில் ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தால் ஒன்றரை வயதுப் பையன் சோபா கைப்பிடியில் ஏறி நின்று, பிளைண்டின் மணிச் சங்கிலியைக் கழுத்தில் போட்டிருக்கிறான். பாட்டி போனில் படம் எடுக்கிறார். “மாலை போட்டுக்கறான் பாருங்க தம்பி!” ஓடிப் போய்த் தூக்கினேன். இந்த வருடத்தில் இது மூன்றாவது வீடு.

எல்லா வீட்டிலும் ஒரே பதில்: “நாங்க பக்கத்துலயேதானே இருக்கோம், இறுக்கினா கத்த மாட்டானா?” கத்த மாட்டான். கழுத்து இறுகியபின் சத்தம் எங்கிருந்து வரும்? தண்ணீரில் விழுந்தாலாவது தொப்பென்று கேட்கும், இதில் அதுவும் இல்லை. 15 நொடியில் நினைவு தப்பலாம், இரண்டு மூன்று நிமிடத்தில் உயிரே போகலாம். பாலை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு வரும் நேரம்தான். நீங்கள் அதே ஹாலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து டிவி பார்த்தாலும் தெரியாது.

அமெரிக்காவில் ஜன்னல் கயிற்றில் சிக்கி வருடத்துக்குச் சுமார் 9 சின்னக் குழந்தைகள் இறப்பதாக அங்குள்ள நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. அதனால்தான் ரெடிமேடாக விற்கும் பிளைண்ட்ஸில் கயிறே இருக்கக் கூடாது, இருந்தாலும் குழந்தை கைக்கு எட்டக் கூடாது என்று 2018 டிசம்பரிலிருந்து அங்கே தரவிதி இருக்கிறது.

அப்புறம், “முடிச்சுப் போட்டு மேலே கட்டிட்டோமே” என்பவர்களுக்கு: முடிச்சுப் போட்டால் இன்னொரு வளையம்தான் உருவாகும்.

பெட்டியில் சங்கிலியைச் சுவரோடு விறைப்பாகப் பிடிக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப் வரும். இரண்டு ஸ்க்ரூ வேலை. டைல்ஸில் ஓட்டை போடச் சோம்பல்பட்டு எங்கள் ஆட்களே அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வருகிறார்கள். நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான். பில் கொடுக்கும் முன் ‘கிளிப் எங்கே’ என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். கட்டில், தொட்டில், சோபா எதுவும் ஜன்னலடியில் வேண்டாம், இன்றைக்கே நகர்த்துங்கள். ரோமன் பிளைண்டாக (துணி மடிப்பு மடிப்பாக மேலே ஏறும் வகை) இருந்தால் துணிக்குப் பின்னால் ஓடும் கயிற்றையும் பாருங்கள், அதை யாருமே பார்ப்பதில்லை. புதிதாக வாங்குகிறீர்களா, கயிறில்லாத ஸ்பிரிங் வகை கேளுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான், தயவுசெய்து அந்த இடத்தில் பேரம் பேசாதீர்கள்.

அன்று அந்த வீட்டில் கிளிப்பை அடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பையன் சங்கிலியை இழுத்து இழுத்துப் பார்த்தான். வரவில்லை என்றதும் பாட்டியின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கப் போய்விட்டான்.