உடனுண்ணல்: கமென்சலிசம் என்ற சொல்லின் கதை

மேயும் மாட்டுக்குப் பின்னாலேயே ஒரு வெள்ளைக் கொக்கு நடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் உண்ணிக்கொக்கு. மாட்டின் தோலில் ஒட்டியிருக்கும் உண்ணியைக் கொத்தித் தின்னும் கொக்கு என்ற பொருளில் வைத்த பெயர். எப்போதாவது உண்ணியையும் தின்னத்தான் செய்கிறது. ஆனால் அதன் வயிற்றை நிரப்புபவை மாட்டின் காலடியிலிருந்து பறந்து கிளம்பும் வெட்டுக்கிளிகளும் மற்ற பூச்சிகளும்தான். மாட்டோடு போனால், தனியாகத் திரிவதைவிடக் குறைந்த நடையில் நிறைய இரை கிடைக்கிறது. மாட்டுக்கு இதனால் என்ன? அனேகமாக ஒன்றும் இல்லை. கொக்கு வந்தாலும் வராவிட்டாலும் அது மேய்ந்துகொண்டுதான் இருக்கும்.

இப்படிப்பட்ட உறவுக்குச் சூழலியலில் கமென்சலிசம் என்று பெயர். ஓர் உயிருக்குப் பயன் உண்டு; மற்றதற்குப் பயனும் இல்லை, கெடுதலும் இல்லை. பாடம் படிப்பவர்கள் இதைக் கூட்டல் குறி, பூஜ்யம் என்று இரண்டு குறிகளில் எழுதி முடித்துவிடுவார்கள். ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இந்தக் கணக்கே கிடையாது. ஒரு சாப்பாட்டு மேசைதான் இருக்கிறது.

லத்தீனில் ‘கொம்’ என்றால் உடன், ‘மென்சா’ என்றால் மேசை. இரண்டும் சேர்ந்து இடைக்கால லத்தீனில் ‘கொமென்சாலிஸ்’ ஆனது: ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுபவர். நெடுங்காலம் இது மனிதர்களைப் பற்றிய சொல்லாகவே இருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த விலங்கியலாளர் பியர்-ஜோசப் வான் பெனெடன் 1870-களில் இதை விலங்குகளுக்கும் நீட்டினார். 1875-இல் அவர் வெளியிட்ட நூலில் சேர்ந்து வாழும் விலங்குகளை மூன்றாகப் பிரித்தார்: மேசைத் தோழர்கள், ஒன்றுக்கொன்று உதவுபவை, ஒட்டுண்ணிகள். மேசைத் தோழன் எதையும் பறிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் பிடித்த இரையில் மிஞ்சியது கிடைத்தால் போதும். சுறாவின் உடலில் தலையிலுள்ள உறிஞ்சு தட்டால் ஒட்டிக்கொண்டு, அது சிதறவிடும் துணுக்குகளைத் தின்னும் ரெமோரா மீனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எதிர்முனையில் நிற்கும் பாரசைட், அதாவது ஒட்டுண்ணி, என்ற சொல்லும் அதே சாப்பாட்டிலிருந்து வந்ததுதான். கிரேக்கத்தில் ‘பாரா’ என்றால் பக்கத்தில், ‘சிதோஸ்’ என்றால் தானியம் அல்லது உணவு. ஏதென்ஸில் முதலில் கோயில் விருந்தில் பங்குள்ளவர்களைக் குறித்த மரியாதையான பெயர் அது. பிறகு நகைச்சுவை நாடகங்களில், பணக்காரர் வீட்டில் துதிபாடி வயிறு வளர்ப்பவனின் பெயராக இறங்கிவிட்டது. உயிரியலுக்கு வந்து சேர்ந்தது அந்த இறங்கிய பொருள்தான்.

ஆக, வேர்ப்பொருளில் இரண்டு பேரும் அடுத்தவர் சோற்றில் பங்கு கேட்பவர்கள்தான். நடப்பிலும் இருவருக்கும் நடுவே உள்ள கோடு அவ்வளவு அழுத்தமானது அல்ல. கராபஸ் என்ற ஒல்லியான மீன், கடல் அட்டையின் ஆசனவாய் வழியாக உள்ளே நுழைந்து பகல் முழுவதும் பத்திரமாக ஒளிந்திருக்கும்; அதைத் தின்பதில்லை. அதே குடும்பத்தில் என்கேலியோஃபிஸ் என்று இன்னொரு வகை மீன் உண்டு. அதுவும் அப்படியே நுழைகிறது, ஆனால் தங்க இடம் கொடுத்த கடல் அட்டையின் இனப்பெருக்க உறுப்புகளையே மேய்கிறது. முன்னது கமென்சல், பின்னது ஒட்டுண்ணி. நம் தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் பாக்டீரியா அந்தக் கோட்டைத் தாண்டவும் செய்யும். சாதாரணமாகத் தொல்லை தராத அது, செயற்கை மூட்டு அல்லது சிரைக்குள் செருகும் மருத்துவக் குழாய் வழியாக உடலுக்குள் போய்விட்டால் நோய்த்தொற்றை உண்டாக்கும்.

பூஜ்யத்தை நிரூபிப்பதும் லேசு இல்லை. மரக்கிளையில் தொற்றி வளரும் ஆர்க்கிட் செடி மரத்திலிருந்து சாறு எடுப்பதில்லை, சரி. ஆனால் ஒரு கிளையில் நூறு செடிகள் ஏறிவிட்டால் அந்த எடை கிளைக்குச் சுமை இல்லையா?

எலி விஷயத்தில் குழப்பம் இன்னும் பச்சையாகத் தெரியும். மனிதரை அண்டி வாழும் வீட்டுச் சுண்டெலியையும் இரண்டு வகைப் பெரிய எலிகளையும் நிபுணர்கள் இன்றும் ‘கமென்சல்’ கொறித்துண்ணிகள் என்றுதான் எழுதுகிறார்கள். தானியத்தை அழிக்கும், நோயைப் பரப்பும். கெடுதல் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அங்கே சொல் தன் பழைய பொருளில் நிற்கிறது: நம் மேசையில் பங்கு போடுபவை, அவ்வளவுதான்.

இனி தமிழுக்கு வருவோம். ‘உதவிபெறும் வாழ்க்கை’ என்று ஒரு வழக்கு இருக்கிறது. எனக்கு இது ஒட்டவில்லை. உதவி என்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். மாடு கொக்குக்கு எந்த உதவியும் செய்யவில்லை, தன்பாட்டுக்கு நடக்கிறது. ‘உடன் உண்ணும் நிலை’ என்ற இன்னொரு வழக்கு மூலச்சொல்லின் மேசையை விடாமல் பிடித்திருக்கிறது. நீளத்தைக் குறைத்து ‘உடனுண்ணல்’ என்றால் கையாள வசதி. உண்ணி என்ற ஈறு ஊனுண்ணி, தாவர உண்ணி, அனைத்துண்ணி என ஏற்கெனவே பழகியதுதான். ஒட்டுண்ணிக்குப் பக்கத்தில் உடனுண்ணியை வைத்தால் வித்தியாசம் ஒரே பார்வையில் புரிந்துவிடும். ஆர்க்கிட் செடி மரத்தோடு சேர்ந்து எதையும் உண்ணவில்லையே என்று கேட்கலாம். லத்தீன் சொல்லுக்கும் அதே குறைதான்; அதை வைத்துக்கொண்டே உலகம் ஒன்றரை நூற்றாண்டு ஓட்டிவிட்டது.

சிம்பயோசிஸ் என்ற சொல்லை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆன்டன் டி பாரி 1879-இல் வெளியிட்ட உரையில், வெவ்வேறு வகை உயிர்கள் சேர்ந்து வாழ்வது எல்லாவற்றுக்கும் பொதுவாக அதைப் பயன்படுத்தினார். ஒட்டுண்ணி வாழ்க்கையும் அதில் அடக்கம். இருவருக்கும் நன்மை என்ற குறுகிய பொருள் பிறகு பரவியது. ‘கூட்டுயிர் வாழ்க்கை’, ‘இணைவாழ்வு’ என்ற தமிழ்ச் சொற்களிலும் அந்த நட்பு வாசனை அடிக்கிறது. டி பாரியின் பொருளுக்கு ‘உடனுறைவு’ பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். உடனுறை என்பது தொல்காப்பியத்திலேயே உள்ள சொல். அங்கே அது உள்ளுறை, அதாவது வெளிப்படையாகச் சொல்லாமல் உணர்த்தும் பொருளின், வகைகளில் ஒன்று; பொருள் வேறு. ஆனால் சேர்ந்திருத்தல் என்ற வேரில் நன்மை தீமை எதுவும் கலக்கவில்லை.

உடனுண்ணலுக்குள்ளும் சில உட்பிரிவுகள் உண்டு. இன்னோர் உயிரின் உடலிலோ கூட்டிலோ குடியிருப்பதை இன்குயிலினிசம் என்பார்கள். லத்தீனில் வாடகைக்குக் குடியிருப்பவர் என்று பொருள். இதற்கு ‘ஒண்டுக்குடித்தனம்’ என்ற நம் சொல் அப்படியே பொருந்தும், கராபஸ் மீனைக் கேட்டால் தெரியும். வண்டின் மேல் சிற்றுண்ணிகள் ஏறி ஊர் மாறுவது ஃபோரெசி, அதாவது ‘தொற்றிச் செல்லல்’.

எழுதும்போது உறவுக்கு உடனுண்ணல், உயிருக்கு உடனுண்ணி என்று பிரித்துக்கொண்டால் போதும். ‘உண்ணிக்கொக்கு மாட்டின் உடனுண்ணி’ என்று எழுதினால் முதல் உண்ணி பூச்சி, இரண்டாவது உண்பவர். படிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார், பரவாயில்லை.