சீருடைக்குள் விசுவாசம்: மறுக்கும் முன் எழுதிக் கேளுங்கள்

சில மாதங்களுக்கு முன் நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு தாயும், விடுப்பில் வந்திருந்த அவருடைய மகனும் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார்கள். மகன் தரைப்படையில் லெப்டினன்ட். தம் கமாண்டிங் ஆபீசருக்கு அனுப்புவதற்காக எழுதிய கடிதத்தை என்னிடம் நீட்டினார். படையணிக் கோவிலில் ஆரத்தி நடக்கும்போது கர்ப்பகிருகத்துக்குள் செல்லத் தம் கிறிஸ்தவ விசுவாசம் இடம் தரவில்லை என்றும், ஆகவே உள்ளே வரும்படியான உத்தரவுக்குக் கீழ்ப்படிய இயலாது என்றும் நான்கே வரிகளில் எழுதியிருந்தார். கடைசி வரியின் கீழே பென்சிலால் கோடிட்டு, "தம்பி, உங்கள் வேலையைப் பறிக்க இந்த ஒரு வரி போதும்" என்றேன்.

நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2017 மார்ச்சில் பணியில் சேர்ந்து, சீக்கிய வீரர்கள் கொண்ட பிரிவொன்றுக்குத் தலைமை தாங்கிய ஒரு கிறிஸ்தவ அதிகாரி, 2021 மார்ச்சில் ஓய்வூதியமோ பணிக்கொடையோ இன்றிப் பணிநீக்கம் செய்யப்பட்டார். வீரர்களோடு கோவிலுக்கும் குருத்வாராவுக்கும் சென்றதாகவும், காலணியைக் கழற்றி முற்றத்தில் மரியாதையோடு நின்றதாகவும், உள்ளே சென்று சடங்கில் பங்கேற்பதிலிருந்து மட்டுமே விலக்குக் கேட்டதாகவும் அவர் வாதிட்டார். இது மதச் சுதந்திரம் பற்றிய கேள்வியே அல்ல, மேலதிகாரியின் சட்டபூர்வமான கட்டளைக்குக் கீழ்ப்படிவது பற்றிய கேள்வி என்று கூறி, 2025 மே 30 அன்று தில்லி உயர் நீதிமன்றம் பணிநீக்கத்தை உறுதி செய்தது. அதே ஆண்டு நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றமும் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது.

இந்த வழக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம், திருச்சபைகளில் பலர் 1986-ஆம் ஆண்டின் பிஜோ இம்மானுவேல் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். கேரளப் பள்ளியில் தேசிய கீதம் பாடப்பட்டபோது மரியாதையோடு எழுந்து நின்று, ஆனால் தங்கள் விசுவாசத்தின் காரணமாக வாய்திறந்து பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றியது தவறு என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. நான் மிகவும் மதிக்கும் தீர்ப்பு அது. ஆனால் பாடியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை என்பதும் அத்தீர்ப்புக்கு ஒரு முக்கியமான காரணம். சீருடை அணிந்தவருக்கோ சட்டம் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தின் பிரிவு 41 கீழ்ப்படியாமையைக் குற்றமாக்குகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் உறுப்பு தரும் மத உரிமை உட்பட அடிப்படை உரிமைகளைப் படையினருக்கு எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை 33-ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. ராணுவச் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் அந்த அதிகாரத்தின்படி இயற்றப்பட்டதாகவே கொள்ளவேண்டும் என்று 1963-இல், ராம் சரூப் வழக்கில், உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பை அப்படியே எடுத்துப் படைமுகாமுக்குள் கொண்டுபோக முடியாது.

படையின் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதிகாரி தம் வீரர்களின் மதத்தைத் தம்முடையதாகவே மதித்து நடக்கவேண்டும் என்பது படையணிகளில் நெடுநாளைய வழக்கம். கிறிஸ்தவ வீரர்கள் நிறைந்த நாகா படையணியில் இந்து அதிகாரியும் ஆராதனையில் வந்து அமர்கிறார். நாளை தன்னைக் குண்டுமழைக்குள் அழைத்துச் செல்லப்போகிறவர் இன்று தன் வழிபாட்டின் வாசலிலேயே நின்றுவிடுவதை ஒரு சிப்பாய் எப்படி எடுத்துக்கொள்வார் என்ற கவலை பொய்யானதல்ல. ஆனாலும் வீரர்களோடு வந்து நிற்பதும் தெய்வத்தின் முன் வழிபடுவதும் ஒன்றல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். முற்றம் வரை வந்து தலைகுனிந்து நிற்க ஆயத்தமாக இருந்த ஒருவருக்கு இடமாற்றமோ வேறு பொறுப்போ தந்திருக்கலாம். நான்கு ஆண்டுப் பணியை முழுவதுமாக அழித்த அந்தத் தண்டனை, என் பார்வையில், அளவுக்கு மீறியது. ஆனால் சட்டம் இன்று எங்கே நிற்கிறதோ அதை வைத்துத்தான் கட்சிக்காரருக்கு நான் ஆலோசனை சொல்ல முடியும்.

அந்த ஆலோசனை இதுதான். உத்தரவு வந்து, மறுத்து, அதன்பின் காரணம் சொல்லாதீர்கள். புதிய பிரிவுக்குப் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, நீங்கள் எதையெல்லாம் மனமுவந்து செய்வீர்கள், எந்த ஒரு செயலில் மட்டும் விலக்கு வேண்டுகிறீர்கள் என்பதைத் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். 'இயலாது' என்று எழுதாமல் 'அனுமதிக்க வேண்டுகிறேன்' என்று எழுதுங்கள். கிடைக்கவில்லை என்றால், அதிகாரிகள் ராணுவச் சட்டத்தின் பிரிவு 27-இன் கீழும் மற்ற வீரர்கள் பிரிவு 26-இன் கீழும் மேல்முறையீடு செய்யலாம். படையில் பாதிரியாரும் மதபோதகர்களுள் ஒருவராக நியமிக்கப்படுகிறார். அவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். பணிநீக்கம் செய்யப்பட்ட அந்த அதிகாரியின் வழக்கில், உள்ளே செல்வது விசுவாசத்துக்கு முரணாகாது என்று ஒரு போதகர் சொன்னதை உச்ச நீதிமன்றம் முக்கியமாக எடுத்துக்கொண்டது. சட்டத்தைத் தாண்டி, அனுபவத்திலிருந்து இன்னொன்றும் சொல்கிறேன்: உங்களுக்குக் கீழே இருக்கும் வீரரிடம் மதக் கைப்பிரதி கொடுத்து ஊழியம் செய்யாதீர்கள். உங்கள் வாயில் அழைப்பாக இருப்பது அவருடைய காதில் உத்தரவாக விழும்.

அந்தத் தாய், விவிலியத்தில் தானியேலின் மூன்று நண்பர்கள் சிலையின் முன் பணிய மறுத்து அக்கினிச் சூளைக்குள் போனதை எனக்கு நினைவூட்டினார். நான் அதே விவிலியத்தில் வரும் நாகமானைப் பற்றிச் சொன்னேன். அவனும் படைத்தலைவன்தான். அரசன் தன் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் என்னும் தெய்வத்தின் கோவிலில் பணியும்போது தானும் பணிய நேர்வதற்காக, முன்னதாகவே எலிசா தீர்க்கதரிசியிடம் மன்னிப்புக் கேட்டான். சமாதானத்தோடே போகும்படி எலிசா சொல்லி அனுப்பினார். இவ்விரண்டில் எது தம் வழி என்பதை மகன்தான் முடிவு செய்யவேண்டும், வழக்கறிஞர் அல்ல.

"அனுமதி கிடைக்காவிட்டால், சார்?" என்று மகன் கேட்டார். கீழ்ப்படிந்துகொண்டே முறையீட்டைத் தொடரலாம், மனசாட்சி அதற்கும் ஒப்பவில்லை என்றால் ராஜினாமாவை ஏற்கும்படி விண்ணப்பிக்கலாம், அது பணிநீக்கத்தைப் போல வாழ்நாளெல்லாம் கூடவே வரும் கறையல்ல என்றேன். அவர் கடைசி வரியை அடித்துவிட்டு, அதே மேசையில் உட்கார்ந்து கடிதத்தை மறுபடி எழுதத் தொடங்கினார்.