அமெரிக்க அரசுக் கட்டடங்களும் தொழிற்சங்க ஒப்பந்தமும்: விதி என்ன சொல்கிறது?

அமெரிக்க மத்திய அரசு தானே நேரடியாகக் கட்டும் பெரிய கட்டுமானங்களுக்கு ஒரு விதி உண்டு. மதிப்பீடு 3.5 கோடி டாலரைத் தொட்டால், வேலையை எடுக்கும் ஒப்பந்ததாரர் தொழிற்சங்கத்துடன் ‘ப்ராஜெக்ட் லேபர் அக்ரிமென்ட்’, அதாவது அந்த ஒரு வேலைக்கான தொழிலாளர் ஒப்பந்தம், செய்துகொள்ள வேண்டும். சுருக்கமாக பி.எல்.ஏ. 2022 பிப்ரவரியில் ஜோ பைடன் பிறப்பித்த நிர்வாக ஆணை 14063 இதைக் கட்டாயமாக்கியது. விரிவான விதிமுறை 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

‘சங்க ஆட்களுக்கு மட்டும்தான் வேலை’ என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மைதான். சங்கமே இல்லாத நிறுவனமும் டெண்டர் போடலாம், ஜெயிக்கலாம். ஆனால் ஜெயித்தபின் அந்த ஒரு வேலைக்கு மட்டும் பி.எல்.ஏ.வின் நிபந்தனைகள் அதையும் கட்டுப்படுத்தும்; அதன் கீழே வரும் துணை ஒப்பந்ததாரர்களையும் கட்டுப்படுத்தும். சம்பளம், வேலை நேரம், தகராறு வந்தால் தீர்க்கும் முறை எல்லாம் முன்கூட்டியே எழுதப்படும். வேலை முடியும்வரை வேலைநிறுத்தமும் கூடாது, கதவடைப்பும் கூடாது. அரசுக்கு இதில் கிடைக்கும் லாபம் அதுதான்.

சிக்கல் வருவது ஆள் எடுக்கும் இடத்தில். பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஆட்கள் சங்கத்தின் ‘ஹயரிங் ஹால்’, அதாவது வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகம், வழியாகத்தான் வருவார்கள். உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர் என்று அங்கே பாகுபாடு காட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனாலும் பல வருடங்களாகத் தன்னோடு இருக்கும் கொத்தனாரையும் எலக்ட்ரீஷியனையும் விட்டுவிட்டு, முன்பின் தெரியாதவர்களை வைத்து வேலை வாங்க எந்த முதலாளிக்குத்தான் மனசு வரும்? சில ஒப்பந்தங்கள் சொந்த ஆட்களில் ஒரு பகுதியினரை வைத்துக்கொள்ள விடுகின்றன. எத்தனை பேர் என்பது பேரம் பேசுவதைப் பொறுத்தது.

அதைவிட முக்கியம் ஓய்வூதியப் பணம். ஒப்பந்ததாரர் சங்கத்தின் ஓய்வூதிய நிதிக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். இத்தகைய நிதிகளில் ஓய்வூதியம் பெறும் உரிமை உறுதிப்படப் பொதுவாக 5 ஆண்டு பணி தேவை. சங்கத்துக்கு வெளியிலிருந்து வந்து, ஒரே ஒரு கட்டடத்தில் வேலை செய்துவிட்டுப் போகிறவருக்கு, அவர் பெயரில் கட்டிய பணம் கைக்கு வராமலே போகலாம். எதிர்ப்பாளர்கள் சொல்லும் குறைகளில் எனக்கு நியாயமாகப் படுவது இதுதான். கட்டுமானத் தொழிலாளர்களில் சுமார் பத்தில் ஒருவர்தான் சங்க உறுப்பினர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆட்சி மாறினால் இதுவும் மாறும். மத்திய அரசு வேலைகளில் பி.எல்.ஏ.வை நிபந்தனையாக்குவதை 1992-இல் தந்தை புஷ் தடுத்தார், 1993-இல் கிளின்டன் அந்தத் தடையை நீக்கினார், 2001-இல் மகன் புஷ் மறுபடி தடுத்தார். 2009-இல் ஒபாமா 2.5 கோடி டாலருக்கு மேற்பட்ட வேலைகளில் பி.எல்.ஏ.வை ஊக்குவிக்கச் சொன்னார். மாநிலங்கள் கதை தனி. பாஸ்டன் துறைமுகத்தைச் சுத்தப்படுத்தும் திட்டம் பற்றிய வழக்கில், ஒரு மாநில அமைப்பு தன் சொந்த வேலைக்கு இப்படி நிபந்தனை போடலாம் என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. போடக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கும் மாநிலங்களும் உண்டு. மத்திய அரசு மானியமாகக் கொடுத்து மாநிலம் கட்டும் சாலை, பாலங்களுக்கு 14063-இன் கட்டாயம் பொருந்தாது.

2025 ஜனவரியில், மத்திய அரசின் ஒப்பந்த வழக்குகளை விசாரிக்கும் கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றம், தன் முன் வந்த டெண்டர்களில் இந்த நிபந்தனை போட்டியைக் குறைப்பதாகச் சொல்லித் தவறு என்றது. ட்ரம்ப் அரசு ஆணையை ரத்து செய்துவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் 2025 ஜூனில் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் வெளியிட்ட சுற்றறிக்கை ஆணையை அப்படியே வைத்துக்கொண்டு, விலக்குகளைப் பயன்படுத்தும் வழியைச் சொன்னது. அவசர வேலை, ஒரே ஒரு தொழில்பிரிவு மட்டும் சம்பந்தப்பட்ட வேலை, நிபந்தனை போட்டால் டெண்டர் போடுபவர்கள் வெகுவாகக் குறைவார்கள் என்று சந்தை ஆய்வு காட்டும் வேலை ஆகியவற்றுக்கு விலக்கு கிடைக்கலாம்.

டெண்டர் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, கையெழுத்தான பி.எல்.ஏ.வை எப்போது கேட்கிறார்கள் என்பது. டெண்டரோடு சேர்த்தே கேட்கலாம், வேலை ஒதுக்கும் முன் கேட்கலாம், ஒதுக்கியபின்னும் கேட்கலாம். கடைசி வகையில், சங்கத்துடன் பேசி முடிக்காமலே விலை சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் செலவை முன்பே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.